புதிய பிலிம் கேமராவில் பழைய ஃபிளாஷ்: நிக்கான் எஃப்100 உடன் விவிட்டார் 283

விவிட்டார் 283 என்னும் ஃபிளாஷ் 1970-களில் சந்தைக்கு வந்தது. நிக்கான் எஃப்100 என்னும் பிலிம் கேமரா 1999-இல் விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ ஒரு தலைமுறை இடைவெளி உள்ள இந்த இரண்டையும் ஒன்றாகப் பொருத்திப் பயன்படுத்தலாமா, பயன்படுத்தினால் படம் எப்படி அமையும், எங்கே எச்சரிக்கை தேவை என்பதே இந்த மதிப்புரையின் பொருள். எஃப்100-இல் உள்ளமைந்த ஃபிளாஷ் கிடையாது. எனவே அந்த கேமராவை வைத்திருப்பவருக்கு வெளி ஃபிளாஷ் ஒன்று என்றேனும் தேவைப்பட்டே தீரும். அலமாரியில் பழைய 283 ஒன்று கிடக்கும்போது அதை எடுத்து மாட்டிப் பார்க்கும் எண்ணம் வருவது இயல்பு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மின்னழுத்தத்தைச் சோதித்த பிறகு மாட்டினால், இது நம்பிக்கையோடு பயன்படுத்தக்கூடிய, பல வேளைகளில் வியக்கவைக்கும் இணை. சோதிக்காமல் மாட்டுவது தவறு.

மின்னழுத்தத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஃபிளாஷின் அடிப்பாகத்தில், ஹாட் ஷூவுக்குள் (கேமராவின் மேலே ஃபிளாஷைப் பொருத்தும் இடத்துக்குள்) நுழையும் பகுதியின் நடுவே ஒரு தொடுமுனை இருக்கிறது. கேமராவின் ஷட்டர் முழுமையாகத் திறந்த கணத்தில் அந்த நடுமுனையும் ஷூவின் உலோக விளிம்பும் மின்வழியாக இணைக்கப்படுகின்றன. அந்த இணைப்பே ஃபிளாஷை எரியச் செய்கிறது. பழைய கேமராக்களில் இந்த இணைப்பைச் செய்தவை வெறும் உலோகத் தகடுகள். இரண்டு தகடுகள் ஒன்றையொன்று தொடும், விலகும், அவ்வளவுதான். அந்தத் தகடுகள் 200 வோல்ட்டையும் 300 வோல்ட்டையும் எளிதாகத் தாங்கின. ஆகவே அக்காலத்து ஃபிளாஷ்களை வடிவமைத்தவர்கள் ட்ரிகர் சுற்றின், அதாவது ஃபிளாஷை எரியத் தூண்டும் சுற்றின், உயர்ந்த மின்னழுத்தத்தை அப்படியே அந்த நடுமுனைக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அதில் அன்று எந்தப் பிழையும் இல்லை. பின்னாளில் வந்த மின்னணு கேமராக்களில் அந்தத் தகடுகளின் இடத்தைக் குறைகடத்திச் சுற்றுகள் எடுத்துக்கொண்டன. அவற்றின் தாங்குதிறன் மாதிரிக்கு மாதிரி வேறுபடுகிறது. சர்வதேசத் தரநிலை 24 வோல்ட்டைப் பேசுகிறது. சில கேமராக்களுக்கு 6 வோல்ட்டுக்கு மேல் வேண்டாம் என்பது பயனர்களிடையே வழங்கிவரும் எச்சரிக்கை. எஃப்100-இன் கையேடும் பிற நிறுவன ஃபிளாஷ்களின் மின்னழுத்தமும் தொடுமுனை அமைப்பும் கேமராவின் மின்சுற்றைக் கெடுக்கக்கூடும் என்று எச்சரிக்கத் தவறவில்லை.

விவிட்டார் 283-ஐப் பொறுத்தவரை சிக்கல் என்னவென்றால், ஒரே பெயரில், ஒரே தோற்றத்தில், மிக நீண்ட காலம் அது தயாரிக்கப்பட்டது. ஜப்பானில் தயாரான தொடக்கக்கால அலகுகளில் நடுமுனை மின்னழுத்தம் 200 வோல்ட்டைத் தாண்டுவது வழக்கம். பிற்காலத்தில் வேறு நாடுகளில் தயாரானவற்றுள் பத்து வோல்ட் அளவிலேயே நிற்பவை உண்டு. தயாரிப்பு நாட்டின் பெயரைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம் என்றாலும், ஊகத்தை நம்பி ஒரு கேமராவைப் பணயம் வைக்கலாகாது. அளந்து பார்ப்பது கடினமான வேலையே இல்லை. ஃபிளாஷில் புதிய பேட்டரிகளைப் போட்டு, கேமராவில் மாட்டாமல் இயக்கி, தயார் விளக்கு எரிந்து சற்று நேரம் கழிந்த பின், மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட வோல்ட் அளவில், 300-க்கு மேல் காட்டும் வரம்பில் வைத்து, ஒரு முனையை நடுத்தொடுமுனையிலும் மற்றொன்றை அடிப்பாகத்தின் பக்கவாட்டு உலோகத்திலும் வைத்தால் போதும். உள்மின்தடை குறைந்த மலிவான மீட்டர் உண்மையைவிடக் குறைவான எண்ணைக் காட்டக்கூடும் என்பதால், ஓரளவு நல்ல டிஜிட்டல் மீட்டரைப் பயன்படுத்துவது நல்லது. அளக்கும்போது அந்த இரு இடங்களையும் விரல் தொடக்கூடாது. ஃபிளாஷின் உறையைத் திறந்து பார்க்கும் ஆசையையும் முற்றிலுமாகத் தவிர்க்க வேண்டும். உள்ளே இருக்கும் மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றம் கொண்டது, ஃபிளாஷை அணைத்த பிறகும் அந்த மின்னேற்றம் நெடுநேரம் நிற்கும், அதன் அதிர்ச்சி உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

என்னிடம் உள்ள அலகு உயர் மின்னழுத்த வகையைச் சேர்ந்தது. அதை நேரடியாக எஃப்100-இல் மாட்டுவதில்லை. இடையே வெயின் சேஃப் சிங்க் என்னும் சிறு தடுப்பு அலகைப் பொருத்துகிறேன். ஃபிளாஷிலிருந்து வரும் உயர் மின்னழுத்தத்தை அது தன்னோடு நிறுத்திக்கொண்டு, கேமராவின் பக்கத்தில் 6 வோல்ட்டுக்கும் குறைவாகவே விடுகிறது. இதனால் ஃபிளாஷ் சற்று உயரமாக நிற்கும், கேமராவின் மேற்பகுதி கூடுதலாகக் கனக்கும். அதைத் தவிர இயக்கத்தில் எந்த வேறுபாட்டையும் நான் காணவில்லை. எஃப்100-இன் முன்பக்கத்தில் சிங்க் கேபிளுக்கான (ஃபிளாஷை கேமராவோடு இணைக்கும் கம்பிக்கான) தனித் துளை இருக்கிறது. கேபிள் வழியாக இணைத்தால் மின்னழுத்தச் சிக்கல் நீங்கிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், அது சரியன்று. கேபிள் வழியாகச் செல்வதும் அதே ட்ரிகர் மின்னழுத்தம்தான், அது சென்று சேர்வதும் அதே கேமராவின் சுற்றுக்குள்தான்.

அடுத்தது ஷட்டர் வேகம். 283-இன் அடியில் இருப்பது ஒற்றைத் தொடுமுனை. அது ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்றுகூட கேமராவுக்குச் சொல்வதில்லை. நிக்கானின் சொந்த ஃபிளாஷை மாட்டினால் கேமரா தானாகவே ஷட்டர் வேகத்தை உரிய வரம்புக்குள் கொண்டுவரும், வ்யூஃபைண்டருக்குள் தயார் விளக்கு எரியும். 283-உடன் இவை எதுவும் நடப்பதில்லை. அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையளவை, நாம் தேர்ந்தால் ஷட்டர் வேகத்தை கேமரா தேர்ந்துகொள்ளும் அபெர்ச்சர் முன்னுரிமை முறையில் கேமராவை விட்டுவைத்தால், ஃபிளாஷ் இருப்பதையே அறியாத அது இருண்ட அறையைக் கண்டு அரை நொடியோ ஒரு நொடியோ ஷட்டரைத் திறந்து வைக்கும். வெயிலில் என்றால் 1/2000 நொடியைத் தேர்ந்தெடுக்கும். முதல் நிலையில் படம் அசைந்துவிடும், இரண்டாம் நிலையில் படத்தின் ஒரு கீற்றில் மட்டுமே ஃபிளாஷின் ஒளி விழும். ஆகவே கேமராவை மேனுவல் முறைக்கு மாற்றி, 1/250 நொடிக்கோ அதற்குக் குறைந்த வேகத்துக்கோ வைத்துவிட வேண்டும். குவியத்தள ஷட்டரின் முதல் திரை முழுவதும் விலகி, இரண்டாம் திரை இன்னும் புறப்படாமல், பிலிம் முழுவதும் திறந்திருக்கும் மிகக் குறுகிய நேரம் எதுவோ அதுவே சிங்க் வேகம். எஃப்100-இல் அது 1/250 நொடி.

இந்த எண் எல்லாப் புதிய பிலிம் கேமராக்களிலும் ஒன்றாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2001-இல் வந்த நிக்கான் எஃப்எம்3ஏ-யிலும் 1/250 நொடிதான். 2000-இல் வந்த நிக்கான் எஃப்80-இல் அது 1/125. கேனன் ஈஓஎஸ் 300-இல் 1/90. 2003-இல் வந்த லைக்கா எம்பி-யில், பழைய எம் வரிசைக் கேமராக்களைப் போலவே, 1/50 மட்டுமே. வீட்டுக்குள் மாலையில் எடுக்கும் படங்களுக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. வெயிலில் நிழலை நிரப்பும் நிரப்பொளியாக ஃபிளாஷைப் பயன்படுத்தும்போதுதான் அதன் முழுப் பொருளும் விளங்கும். அதற்குப் பின்னர் வருகிறேன்.

இனி 283-இன் உண்மையான சிறப்பு. கேமராவிடம் எந்த உதவியும் கேட்காமல், தன் ஒளியைத் தானே அளந்து தானே நிறுத்திக்கொள்ளும் ஃபிளாஷ் இது. முன்பக்கத்தில் உள்ள சிறு சென்சார், எதிரே உள்ள பொருளின்மீது பட்டுத் திரும்பும் ஒளியைக் கணக்கிடுகிறது. போதுமான ஒளி வந்ததும் தைரிஸ்டர் என்னும் மின்னணு ஆளி கொண்ட சுற்று ஃபிளாஷின் மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. முழு ஆற்றலில் ஏறத்தாழ 1/1000 நொடி நீடிக்கும் ஒளி, அருகில் உள்ள பொருளுக்கு 1/30,000 நொடியாகச் சுருங்கிவிடும். எஞ்சிய மின்னாற்றல் வீணாகாமல் மின்தேக்கியிலேயே தங்குவதால் அடுத்த படத்துக்கு ஃபிளாஷ் விரைவில் தயாராகிறது, பேட்டரியும் நீண்ட நேரம் வருகிறது. தொடக்கக்கால ஆட்டோ ஃபிளாஷ்களில் இந்த மிச்சம் வேறொரு குழாய்க்குள் செலுத்தப்பட்டு வீணடிக்கப்பட்டது. அவற்றோடு ஒப்பிடும்போது தைரிஸ்டர் முறை எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பது புரியும்.

சென்சாரில் வண்ணங்களால் குறிக்கப்பட்ட நான்கு ஆட்டோ நிலைகள் உள்ளன. ஒவ்வொரு வண்ணமும் ஓர் அபெர்ச்சர் எண்ணைக் குறிக்கிறது. பிலிமின் ஐஎஸ்ஓ, அதாவது ஒளி உணர்திறன் எண், மாறினால் அந்த எண்ணும் மாறும். பக்கவாட்டில் உள்ள கணக்குச் சக்கரத்தைப் பிலிமின் ஐஎஸ்ஓவுக்குத் திருப்பினால் எந்த வண்ணத்துக்கு எந்த அபெர்ச்சர், எவ்வளவு தொலைவு வரை என்பது தெரிந்துவிடும். இந்தச் சக்கரம் ஃபிளாஷின் மின்சுற்றோடு இணைக்கப்பட்டதன்று, வெறும் கணக்குப் பலகை. ஒளியின் அளவைத் தீர்மானிப்பது சென்சாரின் வண்ணம் மட்டுமே. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் 283-ஐ முழுமையாக ஆளலாம். ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு எஃப்/2.8 என்று காட்டும் வண்ணம், ஐஎஸ்ஓ 400 பிலிமுக்கு எஃப்/5.6 என்றும், ஐஎஸ்ஓ 1600 பிலிமுக்கு எஃப்/11 என்றும் ஆகும். ஃபிளாஷ் வீசும் ஒளியில் மாற்றமில்லை. மாறுவது பிலிமின் உணர்திறன்தான். எஃப்100-இன் டிடிஎல் ஃபிளாஷ் அளவீடு (லென்ஸ் வழியாக வரும் ஒளியை கேமராவே அளக்கும் முறை) ஐஎஸ்ஓ 1000-உடன் நின்றுவிடுகிறது. உணர்திறன் மிக்க கறுப்பு வெள்ளை பிலிமை 1600-இல் எடுப்பவருக்கு அந்தத் தடை இந்தப் பழைய முறையில் இல்லை. நான் இதை மிகவும் மதிக்கிறேன்.

இதன் கைடு நம்பர் ஐஎஸ்ஓ 100-இல் 120 அடி, அதாவது சுமார் 36 மீட்டர் என்று குறிப்பிடப்பட்டுள்ளது. அபெர்ச்சர் எண்ணால் இதை வகுத்தால் ஒளி எட்டும் தொலைவு கிடைக்கும்: எஃப்/2.8-இல் ஏறத்தாழ 13 மீட்டர், எஃப்/8-இல் நான்கரை மீட்டர். சுவர்களும் கூரையும் ஒளியைத் திருப்பி அனுப்பும் சிறிய அறையில் இந்த எண்ணை நம்பலாம். திறந்தவெளியில் இரவு நேரத்தில் அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது) குறைத்து மதிப்பிடுவதே பாதுகாப்பு. ஆண்டுகள் பல கடந்த அலகு புதிதாக இருந்தபோது தந்த ஒளியை இன்றும் அப்படியே தரும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. பிலிமில் உடனே திரும்பிப் பார்க்க வழியில்லை என்பதால், ஃபிளாஷ் மீட்டர் ஒன்று கிடைத்தால் ஒவ்வொரு வண்ணத்தையும் ஒருமுறை அளந்து, உண்மையில் எந்த அபெர்ச்சருக்கு உரிய ஒளி வருகிறது என்பதை ஒரு சிறு தாளில் எழுதி ஃபிளாஷின் பின்புறத்தில் ஒட்டிவைப்பது பயனுள்ளது.

சென்சார் தன் எதிரே தெரியும் காட்சி முழுவதையும் சராசரியாகக் கொள்கிறது. வெள்ளைச் சுவரின் முன் வெள்ளை உடை அணிந்து நிற்பவரை எடுத்தால் அது அதிக ஒளி திரும்பி வந்ததாக எண்ணிச் சீக்கிரமே நிறுத்திவிடும், படம் மங்கும். கறுப்புப் பின்னணியில் ஒற்றை முகம் என்றால் நெடுநேரம் எரிந்து முகத்தை வெளுக்கச் செய்துவிடும். முதலாவதில் அபெர்ச்சரை ஒரு ஸ்டாப் திறப்பதும், இரண்டாவதில் ஒரு ஸ்டாப் மூடுவதும் தீர்வு. வண்ண நெகட்டிவ் பிலிம் இத்தகைய பிழைகளை, குறிப்பாக மிகை ஒளியை, பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்கிறது. என் படங்களில் பெரும்பாலானவை அந்த வகைப் பிலிமில் எடுக்கப்பட்டவை, அவற்றில் நிறமும் தோலின் மென்மையும் எனக்கு முழு நிறைவைத் தந்துள்ளன. ஸ்லைடு பிலிமில் எடுப்பவர் அரை ஸ்டாப் பிழையைக்கூடத் தாங்க முடியாது என்பதால் இந்த ஃபிளாஷை அளந்து அறியாமல் அதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

ஒளியைக் கூரையில் பட்டுத் திரும்ப விடுவதில்தான் 283 என் மனத்தைக் கவர்ந்தது. அதன் தலைப்பகுதி மேல்நோக்கிச் சாய்கிறது, ஆனால் சென்சார் உடற்பகுதியில் இருப்பதால் தலை எங்கே பார்த்தாலும் சென்சார் எடுக்கப்படுபவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கூரையின் உயரம், அதன் நிறம், ஒளி கடந்து வரும் தொலைவு ஆகிய எதையும் நாம் கணக்கிட வேண்டியதில்லை. முகத்திலிருந்து திரும்பி வரும் ஒளியைக் கண்டு அதுவே நிறுத்திக்கொள்ளும். இரண்டு ஸ்டாப் அளவுக்கு ஒளி குறைந்துவிடும் என்பதால் ஐஎஸ்ஓ 400 பிலிமும், அகன்ற அபெர்ச்சரைக் குறிக்கும் வண்ணமும் பொருத்தமானவை. எஃப்100-இல் 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப்/5.6-இல் வைத்து, வெள்ளைக் கூரை கொண்ட அறையில் இந்த முறையில் எடுத்த முகப்படங்களில் கண்ணுக்குக் கீழே கூர்மையான நிழல் இல்லை, பின்சுவரில் கறுத்த விளிம்பு இல்லை. சாளரத்து வெளிச்சத்தில் எடுத்தவை போன்றே அவை அமைந்தன. தலை இடம் வலமாகத் திரும்பாது என்பது மட்டும் ஒரு குறை. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் தலையைக் கூரையை நோக்கித் திருப்ப வழியில்லை, பக்கச் சுவரை நாட வேண்டியதுதான். சென்சாரைக் கழற்றி, அதற்குரிய கம்பி வழியாக ஹாட் ஷூவில் வைத்துவிட்டு, ஃபிளாஷைக் கையில் தனியாகப் பிடிக்கும் வசதியும் இந்த மாதிரிக்கு உண்டு. அந்தக் கம்பி கிடைப்பவருக்கு இந்தக் குறையும் தீர்ந்துவிடும்.

இனி வெயில். நண்பகல் வெயிலில் நிற்பவரின் கண்குழியில் விழும் நிழலை நிரப்ப ஃபிளாஷைப் பயன்படுத்துகிறோம் என்று கொள்வோம். ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு வெயிலின் அளவு 1/125 நொடியில் எஃப்/16-ஐ ஒட்டியது. சிங்க் வேகம் 1/250 ஆக இருக்கும் எஃப்100-இல் எஃப்/11-க்கு இறங்கலாம். 36-ஐ 11-ஆல் வகுத்தால் ஃபிளாஷ் மூன்று மீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக எட்டும். 1/125 வேகமே உள்ள கேமராவில் எஃப்/16 வேண்டும். எட்டும் தொலைவு இரண்டேகால் மீட்டராகக் குறையும். 1/50 வேகம் உள்ள கேமராவில் எஃப்/22 வரை செல்ல வேண்டியிருக்கும். ஒன்றரை மீட்டரைத் தாண்டி நின்றால் ஃபிளாஷ் எரிந்தும் பெரும்பயன் இல்லை. அதே ஃபிளாஷ், அதே பிலிம், அதே வெயில். கேமராவின் ஷட்டர் மட்டுமே வேறு. எஃப்100 போன்ற வேகமான ஷட்டர் கொண்ட பிற்காலக் கேமரா பழைய ஃபிளாஷுக்குத் தரும் பெருங்கொடை இதுவே என்பேன். 283 உருவான காலத்தில் பரவலாக இருந்த கிடைமட்டத் துணித்திரை ஷட்டர்களில் 1/60 நொடியே வழக்கமான சிங்க் வேகம். நிரப்பொளி வெயிலைவிட ஒரு ஸ்டாப் மங்கலாக இருக்க வேண்டுமானால், ஃபிளாஷ் காட்டும் அபெர்ச்சரைவிட லென்ஸை ஒரு ஸ்டாப் கூடுதலாக மூடி, அந்த மூடிய அளவுக்கு ஏற்ப வெயிலுக்கான ஷட்டர் வேகத்தை வைத்தால் போதும்.

மேனுவல் நிலையில் 283 முழு ஆற்றலை மட்டுமே தரும். அதைக் குறைத்துப் பயன்படுத்த விபி-1 என்னும் தனித் துணைப்பொருள் வேண்டும். அதைத் தேடும் பொறுமை இல்லாதவர் விவிட்டார் 285-ஐப் பார்க்கலாம், அதில் ஆற்றலைக் குறைக்கும் நிலைகளும் ஜூம் தலையும் உள்ளமைந்தே வருகின்றன.

நெடுங்காலம் பயன்படுத்தப்படாமல் கிடந்த ஃபிளாஷை எடுத்தவுடன் தொடர்ந்து எரிக்கக்கூடாது. மின்தேக்கியின் உள்ளே உள்ள மெல்லிய ஆக்சைடு படலம் காலப்போக்கில் நலிந்துவிடுகிறது. மின்னேற்றம் பெற்றுச் சிறிது நேரம் இருக்கும்போதுதான் அது மீண்டும் உருவாகிறது. புதிய பேட்டரிகளைப் போட்டு, தயார் விளக்கு எரிந்த பின்னும் பல நிமிடங்கள் அப்படியே விட்டு, முழு ஆற்றலில் ஒருமுறை எரித்து, மீண்டும் காத்திருந்து எரிப்பது என்று சில முறை செய்தால், தொடக்கத்தில் நீண்ட நேரம் எடுத்த மின்னேற்றம் படிப்படியாக விரைவடைவதைக் காணலாம். அப்படி விரைவடையாத அலகையும், எரிக்காதபோது வழக்கத்துக்கு மாறான வாடையோ சூடோ தரும் அலகையும் ஒதுக்கிவிட வேண்டும். நான்கு ஏஏ பேட்டரிகளில் இது இயங்குகிறது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை மின்னோட்டத்தை விரைந்து தருவதால் அல்கலைனைவிட வேகமாகத் தயாராகிறது. பயன்படுத்தாத நாட்களில் பேட்டரிகளைக் கழற்றி வைப்பது அவசியம்.

நிக்கானின் சொந்தப் பழைய ஃபிளாஷ்களோடு ஒப்பிடாமல் இந்த மதிப்புரை நிறைவுறாது. 1988-இல் வந்த எஸ்பி-24 முதல் எஸ்பி-28 வரையிலானவை எஃப்100-இல் டிடிஎல் முறையில் இயங்குகின்றன. படம் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே பிலிமின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை கேமரா அளந்து ஃபிளாஷை நிறுத்துகிறது. 1975-இல் ஒலிம்பஸ் ஓஎம்-2 அறிமுகப்படுத்திய அந்த முறையின் வளர்ந்த வடிவம் இது. லென்ஸில் ஃபில்டர் இருந்தாலும், பெல்லோஸ் (லென்ஸை கேமராவிலிருந்து தள்ளி நிறுத்தும் மடிப்புக் குழாய்) வைத்து மிக அருகில் எடுத்தாலும் கணக்குத் தவறாது. இந்த இடத்தில் 283 போட்டியிடவே முடியாது. டிஜிட்டல் கேமராக்களில் டிடிஎல் வேலை செய்யாததால் இந்த ஃபிளாஷ்களைப் பலர் கைவிட்டார்கள். பிலிம் கேமரா வைத்திருப்பவருக்கு அதனால் நன்மையே. மாறாக, எஸ்பி-900 போன்ற பிற்கால ஃபிளாஷை வாங்கி எஃப்100-இல் மாட்டினால் டிடிஎல் கிடைக்காது, ஏனெனில் பிலிமுக்கான அந்த முறையை அது கைவிட்டுவிட்டது. பிலிம் கேமராவுக்குப் பழைய ஃபிளாஷே பொருத்தம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறு நிறுவனத்துக்கென்று உருவான, பல தொடுமுனைகள் கொண்ட ஃபிளாஷை எஃப்100-இல் மாட்ட வேண்டாம். முனைகள் இடம் மாறித் தொட்டுக்கொள்ளக்கூடும். 1988-க்குப் பிந்தைய மினோல்டா ஆட்டோஃபோகஸ் கேமரா வைத்திருப்பவர் 283-ஐ மாட்ட விரும்பினால், அந்நிறுவனம் ஹாட் ஷூவின் வடிவத்தையே மாற்றிவிட்டதால், அதற்குரிய அடாப்டர் ஒன்றை முதலில் தேடிக்கொள்ள வேண்டும். மின்னழுத்தச் சோதனை அவருக்கும் பொருந்தும். ஓடியாடும் குழந்தைகளையும் விரைந்து மாறும் நிகழ்ச்சிகளையும் எடுப்பவருக்கு எஸ்பி-28-ஐப் பரிந்துரைப்பேன். அபெர்ச்சரைத் தானே தேர்ந்து, ஒளியைக் கூரையிலோ சுவரிலோ திருப்பி, ஒவ்வொரு படத்தையும் நிதானமாக எடுப்பவருக்கு 283-ஐ மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆனால் வாங்கும் இடத்திலேயே மல்டிமீட்டரால் அளக்க விற்பவர் இசையாவிட்டால், அந்த அலகு உயர் மின்னழுத்த வகையைச் சேர்ந்தது என்றே கொண்டு, தடுப்பு அலகு ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.